மாலியில் டவர் ஏறும் எங்கள் பிள்ளைகள்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கும், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுக்காரன். ஐடிஐ முடித்துவிட்டு, வாழ்நாளில் பாதியை உயர் அழுத்த மின்தட வேலையில் கழித்தவன். ராஜஸ்தான், ஒடிசா, ஓமன் என்று சுற்றிவிட்டு 2014 கடைசியில் மாலிக்குப் போனேன். 2016 நடுவில் திரும்பி வந்தேன். இப்போது ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அரசியல் படித்தவன் இல்லை. ஆனால் அந்த நாட்டு மண்ணில் குழி தோண்டி, அந்த மக்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்ற முறையில் உங்களிடம் சொல்வதற்குச் சில விஷயங்கள் உண்டு. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2025 நவம்பர் 6 அன்று மேற்கு மாலியில் கோப்ரி என்ற ஊருக்கு அருகே, மின்சார வேலைக்குப் போயிருந்த ஐந்து இந்தியர்களை ஆயுதக் கும்பல் கடத்திக்கொண்டு போனது. ஐந்து பேரும் எங்கள் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். அந்தச் செய்தியை டீக்கடை டிவியில் பார்த்தபோது என் கை நடுங்கியதை மறைக்க கிளாஸைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்தவர், “மாலியா, மாலத்தீவா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்டைப் பற்றி நம் ஊரில் யாரும் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. வேலைக்குப் போகிறவனுக்கே சொல்வதில்லை.

அது தனியாக நடந்த ஒன்று இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் பக்கத்து நாடான நைஜரின் தில்லாபெரி பகுதியில், ஜார்க்கண்ட் கிரிடி மாவட்டத்தைச் சேர்ந்த ஐந்து மின்தடத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டார்கள். ஜூலை 1 அன்று மாலியின் காயெஸ் நகரில் சிமெண்ட் ஆலைக்குள் புகுந்து மூன்று இந்தியர்களைக் கொண்டு போனார்கள். ஜூலை 15 அன்று நைஜரின் டோசோ பகுதியில் இரண்டு இந்தியர்கள் கொல்லப்பட்டார்கள், ஒருவர் கடத்தப்பட்டார். அங்கேயும் மின்தட வேலைதான். அப்புறம் நவம்பர். ஏழு மாதத்துக்குள் நான்கு முறை. மூன்று முறை எங்கள் தொழில்காரர்கள்.

ஏன் மின்தடக்காரர்கள் என்று தூதரகத்தில் யாராவது யோசித்தார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் சொல்கிறேன். ஒரு சிமெண்ட் ஆலைக்குச் சுற்றுச்சுவர் கட்டலாம், வாசலில் காவல் போடலாம். மின்தடத்துக்கு முடியாது. முந்நூறு நானூறு மீட்டருக்கு ஒரு டவர். முதலில் ஒரு கேங் குழி தோண்டி ஸ்டப், அதாவது டவரின் அடிக்கால், வைத்துக்கொண்டே போகும். பின்னால் இன்னொரு கேங் இரும்பை ஏற்றிக்கொண்டு வரும். அதற்குப் பின்னால் கம்பி இழுக்கும் கேங். காட்டுக்குள் நேர்கோட்டில் நகரும் வேலை. இன்றைக்கு எந்த டவரில் நிற்கிறோம் என்று பார்த்தால் போதும், அடுத்த வியாழக்கிழமை எங்கே நிற்போம் என்று ஆடு மேய்க்கிற சிறுவன் சொல்லிவிடுவான். எழுபது அடி உயரத்தில் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு போல்ட் முறுக்குகிறவனை மூன்று மைல் தொலைவிலிருந்து பார்க்கலாம். கீழே மோட்டார் சைக்கிளில் துப்பாக்கியோடு நான்கு பேர் வந்தால் அவனால் இறங்கி ஓடக்கூட முடியாது. நான் அங்கே இருந்த காலத்தில் தெற்குப் பகுதி அமைதியாக இருந்தது. இருந்தும், தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்போம்.

சரி, அந்த நாட்டுக்கு என்னதான் ஆனது? 2011இல் லிபியாவில் கடாபி ஆட்சி விழுந்தது. அவர் படையில் இருந்த துவாரெக் இன வீரர்கள் ஆயுதங்களோடு வடக்கு மாலிக்குத் திரும்பினார்கள். 2012 ஜனவரியில் கிளர்ச்சி தொடங்கியது, மார்ச்சில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, ஏப்ரலில் வடக்கைத் தனிநாடு என்று அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே அந்தத் துவாரெக் பிரிவினைக்காரர்களையும் தள்ளிவிட்டு அல்கொய்தா சார்பு இயக்கங்கள் ஊர்களைப் பிடித்துக்கொண்டன. திம்புக்துவில் நூற்றாண்டுக் கணக்கான சூஃபிப் பெரியவர்களின் அடக்கத்தலங்களைக் கடப்பாறையால் இடித்தார்கள். நம் ஊர்த் தர்காவில் போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறோமே, அப்படிப்பட்ட இடங்கள் அவை. இடித்தவர்களும் முஸ்லிம்கள், அழுதவர்களும் முஸ்லிம்கள். இந்தப் போரில் இதுவரை செத்தவர்களிலும் மிகப் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்களே. இதை மதச் சண்டையாகப் பார்க்கிற பார்வை நம் ஊரிலும் பரவிக் கிடப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

2013 ஜனவரி 10 அன்று கொன்னா என்ற ஊர் விழுந்தது. மறுநாளே பிரான்ஸ் விமானங்களை அனுப்பியது. மூன்று வாரத்துக்குள் திம்புக்து மீட்கப்பட்டது. அது சரியான செயல் என்றே நான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னோடு வேலை செய்த டிரைவர், அந்த ஆண்டு பிறந்த தன் தங்கை மகனுக்கு அப்போதைய பிரெஞ்சு அதிபர் ஃபிரான்சுவா ஒலாந்த் பெயரை வைத்ததாகச் சொன்னார். தலைநகர் பமாகோவில் அப்போது வீட்டுக்கு வீடு பிரெஞ்சுக் கொடி.

ஒன்பது ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்டில் கடைசி பிரெஞ்சு வீரன் மாலியை விட்டுப் போனபோது அதே மக்கள் “தொலைந்தது சனியன்” என்றார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் அமைச்சகம் உட்கார்ந்து படிக்கவேண்டிய பாடம்.

பிரான்ஸ் கணக்கை ஆள் எண்ணிக்கையில் பார்த்தது. இந்த மாதம் எத்தனை தளபதிகளைக் கொன்றோம் என்று அறிக்கை வரும். 2021 ஜனவரி 3 அன்று பூன்ட்டி என்ற ஊருக்கு அருகே குண்டு போட்டார்கள். பயங்கரவாதிகளை அழித்தோம் என்றார்கள். அது ஒரு கல்யாணக் கூட்டம், சுமார் நூறு பேர் கூடியிருந்தார்கள், செத்த 22 பேரில் 19 பேர் சாதாரண மக்கள் என்று ஐ.நா. அமைதிப்படையின் விசாரணை சொன்னது. பிரான்ஸ் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஊர்க்காரன் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். கல்யாணத்துக்குப் போன அண்ணன் பிணமாக வருகிறான், மேலே பறந்து போனவன் ‘உன் அண்ணன் பயங்கரவாதி’ என்கிறான். அடுத்த வாரம் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, ‘என்னோடு வருகிறாயா?’ என்று கேட்டால் தம்பி என்ன சொல்வான்?

பிரான்ஸ் போய் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை வந்தது. 2022 மார்ச் கடைசியில் மூரா என்ற ஊரில் வாரச்சந்தை கூடிய நாளில், ஹெலிகாப்டரில் மாலி ராணுவமும் வெளிநாட்டுப் படையினரும் இறங்கினார்கள். ஐந்து நாள் ஊரை அடைத்து வைத்தார்கள். குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 மே மாதம் அறிக்கை கொடுத்தது. மாலி அரசு மறுத்தது. வாக்னர் 2025 ஜூனில் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனது, அந்த இடத்தில் ரஷ்ய அரசின் ஆப்பிரிக்கா படை நிற்கிறது. மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், அல்கொய்தா சார்பு ஜேஎன்ஐஎம் இயக்கம் தலைநகருக்குப் போகும் எரிபொருள் லாரிகளை மறித்துக் கொளுத்தத் தொடங்கியது. கடல் இல்லாத நாடு. பக்கத்து நாட்டுத் துறைமுகங்களான டாக்கரிலிருந்தும் அபிஜானிலிருந்தும் டேங்கர் வந்தால்தான் பெட்ரோல். அக்டோபர் கடைசியில் நாடு முழுவதும் பள்ளி கல்லூரிகளை இரண்டு வாரம் மூடினார்கள். என் பழைய டிரைவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவில், பங்க் வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்குவதாகச் சொன்னார். பின்னணியில் யாரோ பாங்கு சொல்லும் சத்தம்.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் தன் பங்குக்கு 2022 ஜனவரியில் எல்லையை மூடிப் பணத்தை முடக்கியது. தேர்தலைத் தள்ளிப்போட்ட ராணுவ ஆட்சியைத் தண்டிக்க நினைத்தார்கள். தண்டனை விழுந்தது சந்தையில் வெங்காயம் விற்கிறவள் தலையில். ஜனங்கள் கோபத்தோடு ராணுவத்தின் பின்னால் திரண்டார்கள். ஆறு மாதத்தில் தடையை எடுக்கவேண்டி வந்தது. இன்றைக்கு மாலியும் புர்கினா ஃபாசோவும் நைஜரும் அந்தக் கூட்டமைப்பிலேயே இல்லை. ஐ.நா. அமைதிப்படையோ பத்து ஆண்டில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொடுத்துவிட்டு, 2023 கடைசியில் மூட்டை கட்டியது.

கொடி மாறியது, சீருடை மாறியது. ஊருக்குள் சண்டை எதற்காக நடக்கிறது என்று கேட்கிற பழக்கம் மட்டும் யாருக்கும் வரவில்லை. இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

எங்கள் பக்கம் கீதாரிகள் உண்டு. ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து தஞ்சாவூர் வரை போவார்கள். அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவார்கள், சம்சாரிக்கு உரம், ஆட்டுக்கு மேய்ச்சல். முன்னேபின்னே மந்தை நுழைந்து பயிரை மேய்ந்துவிட்டால் அடிதடி, ஊர்க்கூட்டம், அபராதம். மத்திய மாலியில் நைஜர் ஆறு விரிந்து பரவும் சமவெளியில் இதே கதைதான், நூறு மடங்கு பெரிதாக. வெள்ளத்தில் வளரும் பூர்கு என்ற புல், வெள்ளம் வடிந்ததும் மேய்ச்சலுக்குக் கிடைக்கும். ஃபுலானி இடையர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். யார் எப்போது மேய்ப்பது, எவ்வளவு கட்டணம் என்பதற்குப் பழைய முறை இருந்தது. அந்த முறையை வைத்திருந்த மேய்ச்சல் நிலக்காரர்கள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். அரசு அதிகாரி லஞ்சம் கேட்டான். நீதிமன்றம் பணக்காரன் பக்கம் நின்றது. அமடூ கூஃபா என்ற மதபோதகர் ரேடியோவில் இதைத்தான் முதலில் பேசினார். அவருடைய ஆட்கள் துப்பாக்கியோடு வந்து மேய்ச்சல் கட்டணத்தைக் குறைத்தார்கள். சவுக்கடியும் தலை வெட்டும் கூடவே வந்தன. ஏழை இடையன் முதலில் கட்டணத்தைப் பார்த்தான். ஊர்க்காவலுக்கு என்று டோன்சோ எனப்படும் மரபுவழி வேட்டைக்காரர்கள் ஆயுதம் ஏந்தினார்கள், அவர்கள் ஃபுலானி என்றாலே எதிரி என்று நினைத்தார்கள். 2019 மார்ச்சில் ஓகொசாகு என்ற ஃபுலானி ஊரில் ஒரே காலையில் சுமார் 160 பேரைக் கொன்றார்கள்.

ஃபராபூகு என்று ஒரு ஊர், செகூ பகுதியில் நியோனோ பக்கம். நெல் விளையும் பூமி. 2020 அக்டோபரில் ஜிகாதிகள் அதைச் சுற்றி வளைத்தார்கள். வெளியே போனால் சுடுவார்கள். கதிர் முற்றி நிற்கிறது, அறுக்கப் போக முடியவில்லை. ராணுவம் ஹெலிகாப்டரில் அரிசி போட்டது. இன்றைக்கு நாட்டை ஆளும் அசிமி கொய்ட்டா அப்போது துணை அதிபர், அவரே வந்து இறங்கினார். முற்றுகை விலகவில்லை. கடைசியில் மாலியின் இஸ்லாமிய உயர் கவுன்சில் ஆட்கள் காட்டுக்குள் போய் இரண்டு பக்கமும் பேசினார்கள். 2021 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் வந்தது. கசப்பான ஒப்பந்தம். பெண்கள் முக்காடு போடவேண்டும் என்பதுபோல நிபந்தனைகள். ஆனாலும் ஜனங்கள் வயலுக்குப் போனார்கள், சந்தை கூடியது. சில மாதம்தான் தாங்கியது. பின்னால் அதைக் கட்டிக் காக்க அரசோ வெளிநாடோ யாரும் வரவில்லை. மேய்ச்சல் நிலப் பிரச்சினையைத் தீர்க்க ஒரு நீதிபதியை அனுப்பவில்லை. 2025 ஆகஸ்டில் அதே ஃபராபூகுவின் ராணுவ முகாமை ஜேஎன்ஐஎம் பிடித்தது.

மாலி மக்களே 2017இல் தேசிய அளவில் மாநாடு கூட்டி, கூஃபாவோடும் ஜேஎன்ஐஎம் தலைவர் இயாத் அக் காலியோடும் பேசுங்கள் என்று சொன்னார்கள். பிரான்ஸ் கூடாது என்றது. “பயங்கரவாதியோடு பேசுவதா?” என்று நம் நாட்டிலும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், எனக்கும் அந்தக் கேள்வி உறுத்துகிறது. அந்த ஐந்து பேரைக் கடத்தியவர்களை நினைத்தால் என் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சரை நீங்கள் டெல்லிக்கு வரவழைத்துப் பேசினீர்கள், காபூலில் தூதரகத்தைத் திறந்தீர்கள். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத ஆட்சி அது, மனசு ஒப்பவில்லைதான். இருந்தாலும் அங்கே நம் ஆட்களும் நம் வேலைகளும் இருக்கும்போது பேசாமல் இருந்து பயனில்லை என்று முடிவு செய்தீர்கள். அந்த நியாயம் சாகேலுக்கும், அதாவது மாலி இருக்கிற சகாராவின் தென்விளிம்புப் பகுதிக்கும், பொருந்தும். நீங்களே காட்டுக்குப் போய்ப் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் பேசும் உள்ளூர் ஒப்பந்தங்களுக்கு ஆதரவு தரும்படி பமாகோவிடம் சொல்லுங்கள், ஐ.நா.வில் சொல்லுங்கள். மாலி அரசுக்கு நம்மேல் வருத்தம் ஒன்றும் கிடையாது. நாம் அவர்களை ஆண்டதில்லை, குண்டு போட்டதில்லை. அந்த நல்ல பெயரைப் பூட்டி வைக்காமல் செலவழியுங்கள்.

பக்கத்திலேயே மொரித்தானியா இருக்கிறது. 2005 முதல் 2011 வரை அங்கேயும் குண்டுவெடிப்பு, கடத்தல் எல்லாம் நடந்தன. 2010இல் சிறையில் இருந்த ஜிகாதிகளோடு மார்க்க அறிஞர்களை உட்காரவைத்து வாதம் செய்யவைத்தார்கள். மனம் மாறியவர்களுக்குப் பிழைப்புக்கு வழி செய்தார்கள். இன்னொரு பக்கம் எல்லையோரப் பாலைவனத்தில் ஒட்டகப் படையை அனுப்பினார்கள். அந்தப் படை சண்டையோடு நிற்காமல் மேய்ச்சல்காரர்களுக்கு மருத்துவம் பார்த்தது, கிணற்றைச் சரி செய்தது, அவர்களிடம் தகவல் கேட்டு வந்தது. 2011க்குப் பிறகு அங்கே பெரிய தாக்குதல் இல்லை. அந்த நாட்டிலும் குறைகள் ஏராளம், அடிமைமுறையின் மிச்சம் இன்னும் இருக்கிறது. இருந்தாலும் துப்பாக்கியையும் பேச்சையும் கிணற்றையும் ஒன்றாகக் கொண்டு போனவர்களிடம் நம் அதிகாரிகள் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இனி என் ஆட்களைப் பற்றி.

2025 ஜூலையில் காயெஸ் கடத்தலுக்குப் பிறகு உங்கள் அறிக்கை வந்தது. கண்டனம், விரைவாக மீட்க மாலி அரசுக்கு வேண்டுகோள், அங்குள்ள இந்தியர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருந்து தூதரகத்தோடு தொடர்பில் இருக்கவேண்டும் என்ற அறிவுரை. அறிவுரை தவறில்லை. ஆனால் டவர் மேல் நிற்கிறவன் எப்படி எச்சரிக்கையாக இருப்பான்? நான் போனபோது என் பாஸ்போர்ட்டைக் கம்பெனி அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. ஒப்பந்தம் பிரெஞ்சில். ஏஜெண்டு, “எல்லாம் ஓமன் மாதிரிதான், கையெழுத்தைப் போடுங்க அண்ணாச்சி” என்றார். போட்டேன். அங்கே போர் நடக்கிறது என்பதே விமானத்தில் பக்கத்து சீட்காரர் சொல்லித்தான் தெரியும். 2015 நவம்பர் 20, வெள்ளிக்கிழமை, பமாகோவில் ராடிசன் ப்ளூ ஹோட்டலுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்தார்கள். உள்ளே 20 இந்தியர்களும் இருந்தார்கள், நல்லவேளை எல்லோரும் தப்பித்தார்கள். எங்கள் கேம்ப் சமையல்காரர் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். எங்களில் யாருக்கும் தூதரக எண் தெரியவில்லை. அன்றைக்கு இரவு நாங்கள் பதினோரு பேரும் கம்பி டிரம்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டோம். அந்த மரத்தட்டு குண்டைத் தாங்கும் என்று ஒருவர் சொன்னார். தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

காலையில் அந்த ஊர் டூகுடிகி, அதாவது ஊர்த் தலைவர், தன் இரண்டு மகன்களோடு வந்து கேம்ப் வாசலில் உட்கார்ந்தார். மூன்று நாள் இருந்தார். டீ போட்டுப் போட்டுக் கொடுத்தார், மூன்று சுற்று, முதல் சுற்று கசப்பு, கடைசிச் சுற்று இனிப்பு. எங்களுக்குக் காவல் என்று அன்றைக்கு இருந்தது அந்தப் பெரியவர்தான். காரணம் எளிது. டவர் குழிக்குப் போன நிலத்துக்கு எங்கள் சூப்பர்வைசர் முறையாகப் பேசி இழப்பீடு வாங்கிக் கொடுத்திருந்தார். கிணற்று மோட்டாரை நான் ஓசியில் சரிசெய்து கொடுத்திருந்தேன். அந்த வீட்டில் கம்புக் கூழ் சாப்பிட்டிருக்கிறேன். கம்பு அந்த மண்ணின் பயிர். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் வடக்கு மாலியில் பயிராக்கி, அங்கிருந்து நம் கரிசலுக்கு வந்த தானியம் என்று பின்னால்தான் படித்தேன். அதனால்தானோ என்னவோ, ருசி எங்கள் பாட்டி கை மாதிரியே இருந்தது.

உங்களால் உடனே செய்ய முடிந்தவை உண்டு. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாவது முடிக்காதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசு ஒப்பந்தத்தைச் சரிபார்த்து அனுமதி தருகிறது. வளைகுடா நாடுகள், லிபியா, சூடான், ஏமன் எல்லாம் பட்டியலில் உண்டு. மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ இல்லை. அவற்றைச் சேருங்கள். அதோடு நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டியதுதான். ஐடிஐ, டிப்ளமோ படித்த எங்களுக்கு அந்தச் சோதனையே கிடையாது, மின்தடத்தில் பாதிப்பேர் நாங்கள்தான். போர் நடக்கிற நாட்டுக்குப் போகிறவர் படித்தவரோ படிக்காதவரோ, பதிவு கட்டாயம் என்று ஆக்குங்கள். ஒப்பந்தம் அவருடைய தாய்மொழியில் இருக்கவேண்டும். எந்த மாவட்டத்தில் வேலை, அங்கே கடந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். படித்துவிட்டும் போகிறேன் என்றால் போகட்டும். கடன்பட்டவன் போகத்தான் செய்வான். தெரிந்து போகட்டும்.

நம் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் ஆப்பிரிக்கா முழுவதும் மின்தடங்கள் நடக்கின்றன. நல்ல வேலை அது. விளக்கு இல்லாத ஊருக்கு விளக்குப் போவதைக் கண்ணால் பார்த்தவன் நான், அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். கடன் கொடுக்கும்போதே கேளுங்கள்: ஆட்களை எங்கே தங்கவைப்பீர்கள், பாதை மூடினால் எப்படி வெளியே கொண்டு வருவீர்கள், கடத்தப்பட்டால் குடும்பத்துக்குச் சம்பளம் தொடருமா, நிலம் கொடுத்த ஊருக்கு என்ன செய்தீர்கள்? பதில் இல்லாத கம்பெனிக்குக் கடன் வேண்டாம். ராணுவக் காவலை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். ராணுவ ஜீப் கூட வந்தால் அந்த ஜீப்புக்கு வைக்கிற குறி நமக்கும் சேர்த்துத்தான். டோசோவில் நடந்ததைப் பார்த்தோம், காவலுக்கு நின்ற ராணுவத்தின் மேல்தான் தாக்குதல்.

கடத்தப்பட்ட பிறகு நடப்பதைப் பற்றி ஒன்று. 2025 அக்டோபர் கடைசியில், மாலியில் கடத்தப்பட்ட இரண்டு அமீரகத்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். சுமார் 5 கோடி டாலர் கைமாறியதாகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அந்தப் பணம் துப்பாக்கியாகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த வாரமே எங்கள் ஐந்து பேர். எல்லா நாடும் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல், பணக்கார நாடு தன் ஆளைத் தனியாக மீட்டுக்கொண்டால், வெள்ளைச்சட்டை போட்ட வெளிநாட்டுக்காரன் எல்லோருமே காசாகத் தெரிவான். இதைப் பேச அமீரகத்திடம் உங்களுக்கு நல்ல உறவு இருக்கிறது.

குடும்பங்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். 2014இல் ஈராக்கின் மோசூலில் கடத்தப்பட்ட 39 தொழிலாளர்கள் விஷயத்தை யாரும் மறக்கவில்லை. அவர்களோடு கடத்தப்பட்டுத் தப்பி வந்த ஒருவர், மற்ற எல்லோரையும் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னார். அரசுத் தரப்பிலோ, உயிரோடு இருக்கிறார்கள் என்றே குடும்பங்களுக்கு நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் இறந்த செய்தி வந்தது. பஞ்சாபில் அந்தப் பெண்கள் நான்கு ஆண்டு பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பேச்சுவார்த்தையின் ரகசியம் உங்களோடு இருக்கட்டும், அது தேவை. ஆனால் வாரம் ஒருமுறை, தமிழ் பேசத் தெரிந்த ஒரு அதிகாரி, அந்த வீட்டுக்குப் போன் செய்து, “அம்மா, இந்த வாரம் புதுத் தகவல் இல்லை, ஆனால் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்வதற்கு என்ன செலவு? கலெக்டர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கவேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

இந்த மடலோடு என்னுடைய பழைய ஒப்பந்தத்தின் நகலை, கம்பெனிப் பெயரை அழித்துவிட்டு, இணைத்திருக்கிறேன். பதினோரு பக்கம். எட்டாம் பக்கத்தில் என் கையெழுத்து. பின்னாளில் மதுரையில் பிரெஞ்சு தெரிந்த ஒரு ஆசிரியரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வேலை நேரம், அபராதம், கருவி தொலைந்தால் பிடித்தம் எல்லாம் விவரமாக இருந்தது. கடத்தல், போர், வெளியேற்றம் என்று ஒரு வரியும் இல்லை என்றார். உங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்து ஊரில் இரண்டு பையன்களுக்கு ஒரு ஏஜெண்டு இதேபோல ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் கிளம்பவேண்டுமாம். நேற்றுக் கடைக்கு வந்து, “போகலாமா அண்ணாச்சி?” என்று கேட்டார்கள். உங்கள் பதில் வந்த பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாலியில் கம்பி இழுத்த ஒரு கரிசல்காட்டுக்காரன்